ஆயிரம் கெஜத் தோட்டாவும் அதன் பித்தளைக் கூடும்

டெல்லியில் துப்பாக்கி சுடப் பழகும் தமிழ்ப் பிள்ளைகள் பெரும்பாலும் துக்ளகாபாத் கர்ணி சிங் ரேஞ்சில் ஏர் ரைஃபிளோடு தொடங்குகிறார்கள். பிறகு .22 ரைஃபிளுக்கு மாறுகிறார்கள். ஆர்வம் 300 மீட்டர், 600 கெஜம், 1000 கெஜம் என்று நீளும்போது பேச்சு துப்பாக்கியையும் ஸ்கோப்பையும் சுற்றியே போகும். சுட்ட பிறகு காலடியில் உருண்டு கிடக்கும் காலிக் கூட்டை, இங்கே ரேஞ்சில் ‘கோக்கா’ என்பார்களே அதை, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தூரச் சுடுதலில் பேரலுக்கு அடுத்தபடி கவனம் கேட்கும் பொருள் அதுதான். ஏன் என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

தோட்டா என்று நாம் மொத்தமாகச் சொல்வதற்குள் நான்கு பொருள்கள் இருக்கின்றன: குண்டு, பவுடர், பிரைமர், இவை மூன்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும் பித்தளைக் கூடு. முதல் மூன்றும் ஒரே சூட்டில் தீர்ந்துவிடும். கூடு மட்டும் மிஞ்சும். மறுபடி நிரப்ப அனுமதி உள்ள நாடுகளில் நல்ல கூடு பல முறை வேலை செய்யும். ஆயிரம் கெஜப் போட்டியாளர்கள் அதைத் துடைத்து, அளந்து, பெட்டியில் அடுக்கி வைப்பதற்குக் காரணம் அந்தச் சிக்கனம் மட்டுமில்லை. அடுத்த குண்டு எந்த வேகத்தில் போகும் என்பதில் அந்தக் கூட்டுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

கூடு செய்யும் வேலை

டிரிகரை இழுத்ததும் ஊசி பிரைமரை அடிக்கிறது. பிரைமரின் தீ கூட்டின் அடியில் உள்ள சிறு துளை வழியாக உள்ளே பாய்ந்து பவுடரைப் பற்றவைக்கிறது. தூரச் சுடுதலில் புழங்கும் .308 வின்செஸ்டர், 6.5 க்ரீட்மோர் என்ற இரண்டு தோட்டா வகைகளுக்கும் அமெரிக்கத் தர அமைப்பு வைத்திருக்கும் அழுத்த உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அந்த அழுத்தத்தில் கூடு உப்பி, சேம்பர் (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் கசியாமல் அடைத்துக்கொள்கிறது. சுடுபவரின் முகத்துக்கும் அந்த வாயுவுக்கும் நடுவே சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டும் இந்தப் பித்தளையும்தான் இருக்கின்றன. குண்டு பேரலை விட்டுப் போனதும் அழுத்தம் விழுகிறது. கூடு இம்மியளவு சுருங்கிச் சுவரை விடுகிறது. போல்ட்டைத் திறந்தால் வழுக்கிக்கொண்டு வெளியே வருகிறது.

உப்பவும் வேண்டும், உடனே சுருங்கவும் வேண்டும். சுத்தச் செம்பு உப்பும், ஆனால் திரும்பாது. இரும்பு விறைப்பாக நிற்கும், செம்பைப் போல் நெளிந்து கொடுக்காது. 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை இரண்டையும் செய்கிறது. உலகம் முழுக்கத் தோட்டாப் பித்தளை என்றால் இந்த 70-30 கலவைதான்.

ஒரே கூட்டுக்குள் பித்தளை எல்லா இடத்திலும் ஒரே கடினத்தில் இருக்காது. தொழிற்சாலையில் தகட்டிலிருந்து சிறு கிண்ணம் வெட்டி, அதைப் படிப்படியாக இழுத்து நீட்டி, நடுநடுவே சூடாக்கி இளக்கி, அடியை அழுத்தி முத்திரை குத்தி, கடைசியில் மேலே சரிந்து குறுகும் தோளையும் குண்டைப் பிடிக்கும் கழுத்தையும் ஒடுக்குகிறார்கள். அடிப்பாகம் கெட்டியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரைமர் குழி அகன்றுபோகும். கழுத்து இளக்கமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விரிசல் விடும். அதனால் கழுத்தையும் தோளையும் மட்டும் கடைசியில் ஒருமுறை சூடு காட்டுவார்கள். லாபுவா நிறுவனத்தின் புதிய கூட்டின் மேல்பாதியில் தெரியும் நீலம் கலந்த பழுப்புக் கறை அந்தச் சூட்டின் அடையாளம். பழைய சரக்கு என்று நினைத்து யாரும் திருப்பிக் கொடுக்க வேண்டாம். வேறு சில நிறுவனங்களும் அதே சூட்டைக் காட்டுகின்றன, ஆனால் பளபளப்புக்காகக் கறையைத் தேய்த்து எடுத்துவிடுகின்றன.

தூரத்தில் ஏன் தெரிகிறது

6.5 க்ரீட்மோரில் 140 கிரெய்ன் (சுமார் 9 கிராம்) குண்டு வினாடிக்குச் சுமார் 2,700 அடி வேகத்தில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த குண்டு 20 அடி குறைவாக, 2,680-ல் கிளம்புகிறது. 100 கெஜத்தில் இரண்டுக்கும் உள்ள உயர வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். காகிதத்தில் இரண்டும் ஒரே ஓட்டை போலத் தெரியும். 1000 கெஜத்தில் அதே வித்தியாசம் ஏறக்குறைய 5 அங்குலமாகிவிடும். ஆயிரம் கெஜ எஃப்-கிளாஸ் (தாங்கியில் வைத்துச் சுடும் தூரப் போட்டி) இலக்கின் நட்ட நடு வட்டமே 5 அங்குலம்தான், அதைச் சுற்றிய வளையம் 10 அங்குலம். காற்று அசையவில்லை, கை நடுங்கவில்லை, குறி சரி. ஆனாலும் கூட்டில் இருந்த கோளாறால் குண்டு கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும்.

100 கெஜத்தில் ஓட்டைகள் நெருங்கி அழகான குழுவாக விழுவதைப் பார்த்து ‘இந்தத் தோட்டா போதும்’ என்று முடிவு கட்டுவது இதனால்தான் ஆபத்து. வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் சொல்வதை நம்புங்கள். பத்துச் சூடுகளில் அதிகபட்ச வேகத்துக்கும் குறைந்தபட்ச வேகத்துக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு என்பதே தூரத்தில் மேல்-கீழ் சிதறலாகத் தெரியும்.

அந்த இடைவெளியைக் கூடு மூன்று வழிகளில் கூட்டும்: உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது, கழுத்து குண்டை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது, பிரைமரின் தீ உள்ளே எப்படி நுழைகிறது.

உள்ளிடம்

ஒரே அளவு பவுடர் சிறிய அறைக்குள் எரிந்தால் அழுத்தம் கூடும், பெரிய அறைக்குள் எரிந்தால் குறையும். .308 கூட்டின் வெளி அளவு எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றுதான். சேம்பர் ஒன்றாக இருப்பதால் வெளி அளவை மாற்ற முடியாது. எனவே சுவர் தடித்தால் உள்ளிடம் குறைகிறது. .308-ன் ராணுவ இணையான 7.62 கூடுகள் பொதுவாகத் தடித்தவை, எடை கூடியவை. வணிகக் கூட்டுக்குப் பொருந்திய பவுடர் அளவை அதே கணக்கில் ராணுவக் கூட்டில் போட்டால் அழுத்தம் எல்லை தாண்டலாம். இரண்டு நிறுவனங்களின் கூடுகளை ஒரே பெட்டியில் கலக்காதே என்று பழைய ஆட்கள் கண்டிப்பாகச் சொல்வதன் காரணம் இது.

எடை போட்டுப் பிரிப்பது பலர் செய்யும் வேலை. அது பயன் தரும், ஆனால் முழு உண்மை சொல்லாது. அடிவிளிம்பின் பள்ளத்தைக் கடையும்போது ஒரு கூட்டில் சற்று அதிகம் செதுக்கியிருந்தால் எடை குறையும், உள்ளிடம் மாறாது. தண்ணீர் சோதனைதான் நேர்மையானது. ஒருமுறை சுட்ட கூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சுட்ட பிரைமர் குழியிலேயே இருக்கட்டும், அதுதான் அடைப்பு. காலியாக எடை போடுங்கள். ஒரு துளி சோப்பு கலந்த தண்ணீரை வாய் மட்டம்வரை ஊற்றுங்கள். மேற்பரப்பு குவிந்தும் குழிந்தும் இல்லாமல் தட்டையாக இருக்க வேண்டும். சோப்பு சேர்ப்பது அதற்குத்தான். உள்ளே காற்றுக்குமிழி இருந்தால் லேசாகத் தட்டி வெளியேற்றுங்கள். மறுபடி எடை போட்டால் வித்தியாசமே உள்ளிடம். .308 கூட்டில் ஏறத்தாழ மூன்றரை மில்லிலிட்டர் தண்ணீர் பிடிக்கும். நூறு கூட்டுக்கும் இதைச் செய்ய வேண்டியதில்லை. எடையில் உச்சத்தில் இருக்கும் ஐந்து, அடியில் இருக்கும் ஐந்து, இவற்றுக்குச் செய்தால் அந்தப் பெட்டியின் குணம் தெரிந்துவிடும்.

கழுத்து

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். கழுத்தின் உள் விட்டம் குண்டின் விட்டத்தைவிட 0.025 முதல் 0.075 மில்லிமீட்டர்வரை குறைவாக இருக்கும். அந்தக் குறைவுதான் பிடி. பிடி கூடினால் குண்டு கிளம்புவதற்குள் அழுத்தம் சற்று அதிகம் ஏறும், குறைந்தால் சீக்கிரம் கிளம்பிவிடும். பிடி எவ்வளவு என்பதைவிட ஐம்பது கூட்டிலும் ஒரே பிடியா என்பதுதான் கேள்வி.

கேலிப்பரில் உள் விட்டம் ஒன்றாகக் காட்டினாலும் பிடி மாறலாம். பித்தளை ஒவ்வொரு சூட்டிலும் உப்பி, டையில் (கூட்டைப் பழைய அளவுக்கு ஒடுக்கும் எஃகு அச்சில்) மறுபடி ஒடுங்கி, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கெட்டிப்படுகிறது. கம்பியை ஒரே இடத்தில் மடக்கி மடக்கி நிமிர்த்தினால் அது விறைத்து ஒடிவதைப் போலத்தான். கெட்டிப்பட்ட கழுத்து டையை விட்டு வெளியே வந்ததும் ஸ்பிரிங் போலத் திரும்பி அகலும். இரண்டு முறை சுட்ட கூட்டும் எட்டு முறை சுட்ட கூட்டும் ஒரே டையில் போய் வந்தாலும் குண்டை ஒரே மாதிரி பிடிக்காது. நிரப்பும் கருவியின் கைப்பிடியை அழுத்திக் குண்டைச் செருகும்போது ஒன்று வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கி, அடுத்தது கறகறவென்று முரண்டுபிடித்தால் இந்தக் கோளாறைக் கையாலேயே உணரலாம்.

மருந்து, கழுத்தை மறுபடி சூடாக்கி இளக்குவது. அனீலிங் என்பது இதுதான். கழுத்தும் தோளும் மட்டும் 400 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும். கேஸ் பர்னர் தீயில் கூட்டைச் சுழற்றிக்கொண்டே காட்டினால் சில வினாடிகளில் எட்டிவிடும். கழுத்தின் உள்ளே 400 டிகிரியில் உருகும் அடையாள மையைத் தடவி முதலில் இரண்டு மூன்று பழைய கூடுகளில் நேரத்தைப் பிடித்துக்கொள்வார்கள். தோளுக்குக் கீழே உடம்பில் 250 டிகிரியில் உருகும் மையை ஒரு கோடு போட்டால், சூடு கீழே இறங்குகிறதா என்று தெரியும். பகல் வெளிச்சத்தில் கழுத்து செக்கச்செவேல் என்று ஒளிர்ந்தால் அளவு மீறிவிட்டது. அந்தக் கழுத்து குண்டைப் பிடிக்கும் வலுவை இழந்திருக்கும்.

அடிப்பாகத்துக்குச் சூடு போகவே கூடாது. கழுத்து அளவு மீறி இளகினால் ஒரு கூடு வீணாகும், அவ்வளவுதான். அடி இளகினால் அடுத்த சூட்டில் வாயு பின்பக்கம் பீறிடும். மொத்தக் கூட்டையும் அடுப்பில் வைத்துச் சூடாக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: கூடாது.

சூடாக்கியதும் தண்ணீரில் போட வேண்டுமா என்று எப்போதும் ஒரு விவாதம் நடக்கும். எஃகுக்குத்தான் தண்ணீரில் குளிர்வித்தால் கடினம் ஏறும். பித்தளை தானாக ஆறினாலும் தண்ணீரில் விழுந்தாலும் ஒரே இளக்கம்தான். தண்ணீர், சூடு அடிக்கு இறங்காமல் தடுக்கும். அது ஒன்றே அதன் பயன்.

கழுத்துச் சுவரின் தடிமனும் சுற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். .308-ல் சுவர் ஏறத்தாழ 0.38 மில்லிமீட்டர். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்தால் குண்டு பேரலின் நடு அச்சுக்குச் சற்று விலகி நிற்கும். 0.025 மில்லிமீட்டருக்குள் மாறுபாடு இருந்தால் நல்ல கூடு. உயர்ரகக் கூடுகளில் இது பெட்டியிலிருந்தே கிடைக்கும், மலிவுக் கூடுகளில் வெளிப்புறத்தைக் கடைந்து சமப்படுத்த வேண்டிவரும். தொடங்குபவர்கள் கடையும் கருவி வாங்குவதைவிட அந்தப் பணத்தை நல்ல கூட்டில் போடுவது மேல்.

பளபளப்பு ஆசைக்கும் ஒரு வரம்பு உண்டு. எஃகு ஊசிகளும் தண்ணீரும் போட்டு உருட்டினால் கழுத்தின் உள்ளே கரி ஒரு துளிகூட மிஞ்சாது. பித்தளை வெறும் உலோகமாகிக் குண்டோடு உரசும், பிடி தாறுமாறாகும். வாயின் விளிம்பும் ஒன்றோடொன்று மோதி மழுங்கும். அரைத்த மக்காச்சோளக் கதிர்த்தண்டில் உலர்வாக உருட்டி, மெல்லிய கரிப்படலத்தை உள்ளே விட்டுவைப்பது போதும்.

தீத்துளை

பாக்ஸர் வகைக் கூட்டில் அடியின் நடுவே ஒரே துளை. பெர்டன் வகையில் இரண்டு சிறு துளைகள், நடுவே கூட்டோடு சேர்ந்த முளை. ஊசியால் குத்தி பிரைமரை வெளியேற்ற முடிவதால் மறுபடி நிரப்புபவர்கள் பாக்ஸரைத்தான் தேடுவார்கள். வழக்கமான துளை 2 மில்லிமீட்டர். லாபுவாவின் 6.5 க்ரீட்மோர், .308 பால்மா கூடுகளில் சிறிய ரைஃபிள் பிரைமரும் 1.5 மில்லிமீட்டர் துளையும் வரும். சாதாரண டையின் ஊசி அந்தத் துளையில் சிக்கி வளையும். அதற்கென மெல்லிய ஊசி தனியாக வாங்க வேண்டும்.

எங்கே உடைகிறது

கழுத்தில் நீளவாக்கில் கீறல் விழுந்தால் அது கெட்டிப்பட்ட பித்தளை. தூக்கிப் போடுங்கள், வேறு ஆபத்தில்லை. ஆபத்து அடியில் இருக்கிறது. கெட்டியான அடி முடிந்து மெல்லிய சுவர் தொடங்கும் இடம், அடியிலிருந்து சுமார் 6 முதல் 10 மில்லிமீட்டர் உயரத்தில். அங்கே வெளிப்புறத்தில் முழுச் சுற்றாக ஒரு வெளிறிய பளபளப்புக் கோடு தெரிந்தால் கூடு இரண்டாகப் பிரியத் தயாராகிறது. காகிதக் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை அரை மில்லிமீட்டர் அளவுக்குக் கூர்மையாக மடக்கி, கூட்டின் உள்ளே விட்டு, சுவரை அடியிலிருந்து மேலே வருடுங்கள். நல்ல கூட்டில் கம்பி வழுக்கிக்கொண்டு வரும். பள்ளம் விழுந்த கூட்டில் அந்த உயரத்தில் நுனி டக்கென்று மாட்டும். மாட்டினால் அந்தக் கூட்டை மட்டும் எறிந்தால் போதாது, அதோடு சம எண்ணிக்கையில் சுட்ட அத்தனையையும் சோதியுங்கள்.

இது வருவதற்குக் காரணம் பெரும்பாலும் டையை அளவுக்குமேல் இறக்குவது. தோளைத் தேவைக்கு அதிகமாகக் கீழே தள்ளினால் கூட்டுக்கும் போல்ட் முகத்துக்கும் நடுவே இடைவெளி விழும். ஒவ்வொரு சூட்டிலும் கூடு அந்த இடைவெளியை நிரப்ப நீளும், நீள்வதற்கான உலோகம் அந்த மெல்லிய வளையத்திலிருந்தே போகும். போல்ட் துப்பாக்கியில் சுட்ட கூட்டின் தோள் உயரத்தை அளந்து, அதைவிட 0.025 முதல் 0.05 மில்லிமீட்டர் மட்டும் தள்ளுவது வழக்கம்.

நீண்ட உலோகம் கழுத்துப் பக்கம் சேரும். .308 கூட்டின் நீளம் 51.18 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வாய் சேம்பரின் முன் விளிம்பில் முட்டி, குண்டைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அழுத்தம் திடீரென்று ஏறும். 50.93-க்கு வெட்டிவிட்டால் சில சூடுகளுக்குக் கவலையில்லை. போல்ட் தூக்கும்போது இறுக்கம், அடியில் எஜெக்டர் (கூட்டை வெளியே தள்ளும் முளை) பதிந்த பளபள வட்டம், பிரைமர் கையழுத்தத்திலேயே குழிக்குள் போய்விடுவது, இவை மூன்றும் அழுத்தம் எல்லை மீறியதன் அடையாளங்கள்.

இன்னொரு உடைப்பு இந்தியாவோடு சம்பந்தப்பட்டது. பிரிட்டிஷ் ராணுவம் இங்கே மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் சேமித்தபோது, யாரும் தொடாமலே கூடுகள் தானாக விரிசல் கண்டன. மழைக்காலத்தில் வந்ததால் பருவ விரிசல் என்றே பெயர் வைத்தார்கள். 1921-ல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் காரணத்தை விளக்கினார்கள்: குதிரைச் சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியா ஈரத்தோடு சேர்ந்து, உள்ளிறுக்கம் மிஞ்சியிருக்கும் பித்தளையைத் தாக்குகிறது. தீர்வு, இறுக்கம் போக லேசாகச் சூடு காட்டுவதும் அம்மோனியாவிலிருந்து விலக்கி வைப்பதும். இன்று லாயம் இல்லை, ஆனால் அம்மோனியா இருக்கிறது. பேரலில் படிந்த செம்பைக் கரைக்கும் சில திரவங்களிலும், பித்தளைச் சாமான் துலக்கும் சில பாலிஷ்களிலும் அது உண்டு. அவை கூட்டின் மேல் படவே கூடாது.

டெல்லித் தூசியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மே, ஜூனில் லூ எனும் அனல் காற்று அடிக்கும் நாளில் தரையில் விழுந்த கூட்டில் மணல் ஒட்டியிருக்கும். துடைக்காமல் டையில் விட்டால் டையின் உள்சுவரில் நிரந்தரக் கீறல், அதன்பின் அந்த டையில் போகும் ஒவ்வொரு கூட்டிலும் அதே கீறல். தரையில் ஒரு துணி விரித்துச் சுடுவது நல்லது.

சட்டம்

மேலே சொன்ன வேலைகளை வீட்டு மேஜையில் உட்கார்ந்து செய்யலாம் என்று எண்ண வேண்டாம். 1959 ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவின்படி தோட்டா தயாரிப்புக்கு உரிமம் வேண்டும். அந்தச் சட்டத்தில் ‘தோட்டா’ என்பதன் வரையறைக்குள் அதன் பாகங்களும் தயாரிக்கும் இயந்திரங்களும் அடங்கும். எனவே காலிக் கூட்டை நினைவுப் பொருளாகப் பையில் போட்டுக்கொண்டு ஊருக்குக் கிளம்பாதீர்கள். பையின் மூலையில் மறந்துபோன தோட்டாவால் டெல்லி விமான நிலையத்தில் வழக்கில் சிக்கியவர்கள் பலர். தோட்டா பையில் இருந்தது அவர்களுக்கே தெரியாது என்று உயர் நீதிமன்றம் பல வழக்குகளை ரத்து செய்திருக்கிறது, ஆனால் அதற்குள் விமானமும் நிம்மதியும் போய்விடும். ரேஞ்சுக்கு ஒரு பை, பயணத்துக்கு வேறு பை.

.22 சுடுபவர்களுக்கு

டெல்லிப் பகுதியில் ஆயிரம் கெஜம் சுடுவதற்கான வாய்ப்பு குறைவு. 2010 காமன்வெல்த் போட்டியின் ஃபுல்போர் (பெரிய ரைஃபிள் தூரச் சுடுதல்) பிரிவுகூட நகருக்கு வெளியே, குருகிராமை அடுத்த காதர்பூர் சி.ஆர்.பி.எஃப் வளாகத்தில்தான் நடந்தது. பெரும்பாலோர் கையில் இருப்பது .22 லாங் ரைஃபிள். ஸ்வப்னில் குசாலே பாரிஸ் 2024-ல் வெண்கலம் வென்ற 50 மீட்டர் போட்டியும் இதில்தான். இந்தக் கூட்டில் தனி பிரைமர் கிடையாது. பவுடரைப் பற்றவைக்கும் மருந்து அடிவிளிம்பின் மடிப்புக்குள்ளேயே இருக்கிறது, ஊசி விளிம்பை நசுக்கும்போது பற்றிக்கொள்கிறது. நசுங்கிய விளிம்பை மறுபடி நிரப்ப வழியில்லை. கூட்டை அளந்து, இளக்கி, வெட்டி ஒன்றும் செய்ய முடியாது.

ஆனால் வேகக் கணக்கு அப்படியே பொருந்தும். வினாடிக்கு 325 மீட்டரில் கிளம்பும் குண்டு 6 மீட்டர் குறைந்தால் 50 மீட்டரில் 4 முதல் 5 மில்லிமீட்டர் இறங்கும். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர். நீங்கள் செய்யக்கூடியது லாட் (ஒன்றாகத் தயாரான தொகுதி) தேர்வு. ஒரே பெயரில் வரும் தோட்டாவிலும் ஒவ்வொரு தயாரிப்பு லாட்டும் உங்கள் பேரலில் வேறு மாதிரி நடக்கும். மூன்று நான்கு லாட்டுகளில் ஒவ்வொரு பெட்டி வாங்குங்கள். துப்பாக்கியைப் பிடிமானத்தில் பொருத்தி, லாட் மாற்றும்போதெல்லாம் முதல் பத்துச் சூடுகளைக் கணக்கில் விட்டுவிடுங்கள், பேரலில் பழைய லாட்டின் மெழுகு இருக்கும். அதன்பின் பத்துப் பத்தாக நான்கு குழு சுடுங்கள். மிகச் சிறிய ஒரே ஒரு குழுவை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், நான்கையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்க்கையில் மேல்-கீழ் சிதறல் குறைவாக உள்ள லாட்டைத் தேர்ந்தெடுங்கள். பெட்டியின் மேல் அச்சிட்ட லாட் எண்ணைக் குறித்துக்கொண்டு, உங்கள் உரிமம் அனுமதிக்கும் அளவுக்கு அதே எண்ணில் மொத்தமாக வாங்கிவிடுங்கள். அடுத்த மாதம் கடையில் அதே எண் இருக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம்.